மலிவு விலை டிவி சீக்கிரம் இருண்டுபோவது ஏன்?

சத்தம் கேட்கும், படம் வராது. விலை குறைந்த 32 இஞ்ச், 43 இஞ்ச் எல்.இ.டி. டிவி வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இதுதான். வாரண்டி முடிந்து ஒன்றோ இரண்டோ வருடம் ஆகியிருக்கும். "பேனல் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று யாராவது சொல்வார்கள். அவசரப்பட்டு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பல நேரம் பேனல், அதாவது படம் காட்டும் திரைக் கண்ணாடி, போயிருக்காது.

தெரிந்துகொள்ள ஒரு டார்ச் போதும். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு டிவியைப் போடுங்கள். செல்போன் டார்ச்சைத் திரையை ஒட்டி, சாய்வாகப் பிடியுங்கள். ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்தும்போது எழுத்துகள் மங்கலாக அசைவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது. அதன் பின்னால் எரிய வேண்டிய பேக்லைட்தான் எரியவில்லை. ஆன் செய்ததும் ஒரு நொடி பளிச்சென்று படம் வந்து உடனே அணைந்தாலும் பெரும்பாலும் இதே கோளாறுதான்.

திரைக்குப் பின்னால் நீளமான பட்டைகளில் வரிசையாகச் சின்னச் சின்ன எல்.இ.டி.கள் இருக்கும். 32 இஞ்சில் இரண்டு மூன்று பட்டைகள், 43 இஞ்சில் இன்னும் சில. கோயில் திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் செட் மாதிரி இவை தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்று அறுந்தால் அந்த வரிசை முழுக்க அணையும். மின்சாரம் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் அதைக் கண்டதும் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். திரை முழுக்க இருட்டு. ஒவ்வொரு எல்.இ.டி. மேலும் வெளிச்சத்தைப் பரப்ப ஒரு பிளாஸ்டிக் குமிழ் லென்ஸ் பசையால் ஒட்டியிருக்கும். சூட்டில் பசை விட்டு லென்ஸ் கழன்றால், திரையில் அந்த இடம் மட்டும் வட்டமாக வெள்ளைப் பொட்டு போல் தெரியும். அப்படி ஒரு பொட்டு வந்தாலே உள்ளே சூடு அதிகம் என்று அர்த்தம்.

சூடு ஏன்? விலையைக் குறைக்க எல்.இ.டி.களின் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். குறைந்த எண்ணிக்கையில் அதே வெளிச்சம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கரண்ட் கூடும். போதாததற்கு, பல டிவிகள் பெட்டியிலிருந்து வரும்போதே பேக்லைட் 100-இல்தான் இருக்கும். கடை விளக்கொளியில் பக்கத்து டிவியை விடப் பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்தது அது. நம் வீட்டு ஹாலில் அதில் பாதி போதும்.

அதனால் வாங்கிய அன்றே பிக்சர் செட்டிங்கில் 'விவிட்' முறையை மாற்றி 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'மூவி' வையுங்கள். பேக்லைட்டை 50, 60-க்கு இறக்குங்கள். இங்கே நிறையப் பேர் தவறுகிறார்கள்: 'பிரைட்னஸ்' வேறு, 'பேக்லைட்' வேறு. இரண்டும் தனித்தனியாக உள்ள டிவிகளில் பிரைட்னஸ் என்பது கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரியும் என்பதற்கானது. அதைக் குறைத்தால் இரவுக் காட்சிகளில் ஆள் முகமே தெரியாமல் போகும், எல்.இ.டி.க்கு ஒரு நன்மையும் கிடையாது. பேக்லைட் என்று தனியாக இல்லாத மாடலில் 'எனர்ஜி சேவிங்' இருக்கும். அதைப் போட்டாலும் பேக்லைட் இறங்கும், கரண்டும் மிச்சம். முதல் இரண்டு நாள் திரை மங்கல் என்று தோன்றும், அப்புறம் கண் பழகிவிடும்.

ஏற்கெனவே இருண்டுவிட்டது என்றால் பட்டைகளை மாற்றலாம். மெக்கானிக்கிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, கெட்ட எல்.இ.டி.யை மட்டும் மாற்றாமல் எல்லாப் பட்டைகளையும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும், மீதி எல்.இ.டி.களும் அதே சூட்டில் வெந்தவைதான், ஆறு மாதத்தில் அடுத்தது போகும். இரண்டு, பழைய எல்.இ.டி. 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்று பார்த்து அதே வகையைப் போட வேண்டும். மூன்று, டிரைவர் பகுதியில் கரண்டை நிர்ணயிக்கும் சின்ன ரெசிஸ்டர்கள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில், இணையாக (பேரலல்) இருக்கும். அதில் ஒன்றை எடுத்துவிட்டால் எல்.இ.டி.க்குப் போகும் கரண்ட் குறையும். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் பட்டைகள் நீண்ட நாள் நிற்கும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இதைக் கேட்காமலே செய்வார்கள். இந்த வேலையில் உண்மையான ஆபத்து பேனல் கண்ணாடியைத் தனியாகத் தூக்கும்போதுதான். மெல்லிய கண்ணாடி அது. ஓரத்தில் காகிதம் போன்ற ரிப்பன்கள் தொங்கும். ஒன்று கிழிந்தாலும் பேனல் போனதுதான். வீட்டிலேயே யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை.

அந்த ரிப்பன்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பல டிவிகளில் அவை திரையின் கீழ் ஓரத்தில், பிளாஸ்டிக் சட்டத்துக்கு உள்ளே ஒளிந்திருக்கின்றன. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வீட்டில் எல்லாவற்றையும் துடைக்கும்போது டிவிக்கும் ஈரத்துணி போகும். கண்ணாடி துடைக்கிற ஸ்பிரேயை நேராகத் திரையில் அடித்தால் துளிகள் வழிந்து, கீழ்ச் சட்டத்தின் இடுக்கில் இறங்கி, ரிப்பன் ஒட்டியிருக்கும் இடத்தில் போய் நிற்கும். கொஞ்ச நாளில் மேலிருந்து கீழாகக் கோடு விழும். முதலில் ஒரு கோடு, பிறகு நாலு விரல் அகலப் பட்டை. இதற்கு நம்பகமான வைத்தியம் கிடையாது. பேனல் மாற்றும் செலவுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புது டிவியே வாங்கலாம். சந்தனமும் குங்குமமும் வைப்பதானால் திரையில் வேண்டாம், மேல் சட்டத்தில் கெட்டியாக ஒரு பொட்டு போதும். துடைக்க, டிவியை அணைத்து ஆறவிட்டு, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. பிசுக்கு இருந்தால் துணியின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுப் பிழிந்துகொள்ளுங்கள்.

அடுத்து அளவு. பழைய 29 இஞ்ச் பெட்டி டிவியைக் கொடுத்துவிட்டு 32 இஞ்ச் வாங்கியவர்கள் "படம் சின்னதாகிவிட்டது" என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். 32 இஞ்ச் அகலத்திரையின் உயரம் ஏறக்குறைய 15.7 இஞ்ச்தான். பழைய 4:3 படத்தையோ சாதா சேனலையோ அதன் உண்மையான வடிவத்தில் போட்டால், இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு, நடுவில் 26 இஞ்ச் டிவி பார்ப்பது போல்தான் இருக்கும். அதற்காக 'ஃபுல்' போட்டு இழுத்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். ஹாலில் எட்டு அடி தள்ளி உட்காருபவர்களுக்கு 43 இஞ்ச் நிறைவாக இருக்கும். 32 இஞ்சுக்கு மேலான டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது, அதனால் வரியை நினைத்துச் சின்னதில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் 43 இஞ்சில் 4கேவா ஃபுல் எச்.டி.யா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆறு அடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்தால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தப் பணத்தில் ராம் 2 ஜி.பி., 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையிலும் வேலை செய்யும் வைஃபை உள்ள மாடலைப் பாருங்கள். 1 ஜி.பி. ராம், 8 ஜி.பி. சேமிப்பிடம் உள்ளது ஒரு வருடத்தில் திணற ஆரம்பிக்கும். திணறுகிற டிவியில் ரிமோட்டின் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். சும்மா ஆஃப் செய்தால் அது தூங்குமே தவிர, புதிதாகத் தொடங்காது.

கேபிள் பாக்ஸை மூன்று கலர் ஒயரில் இணைக்கும்போது படம் கறுப்பு வெள்ளையாகவோ சத்தத்தில் இரைச்சலாகவோ வந்தால் பாக்ஸைக் குறை சொல்லாதீர்கள். டிவியோடு வந்த சின்ன ஏ.வி. கன்வெர்ட்டர் ஒயருக்குப் பதில் கடையில் வாங்கியதைப் போட்டிருப்பீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இணைப்பு வரிசை வேறாக இருக்கும். மஞ்சள் பின்னைச் சிவப்பு இடத்தில் மாற்றிச் செருகிப் பார்த்தால் சில சமயம் சரியாகிவிடும். பென்டிரைவில் படம் ஓடி சத்தம் மட்டும் வரவில்லை என்றால், பெரும்பாலும் அந்தக் கோப்பின் ஆடியோ டி.டி.எஸ். வகையாக இருக்கும், மலிவு டிவிகள் பலவற்றுக்கு அதன் உரிமம் இல்லை. வேறு ஆடியோ உள்ள கோப்பைத்தான் தேட வேண்டும்.

சுவரில் மாட்டுகிறவர்கள் ஸ்குரூவின் நீளத்தைக் கட்டாயம் பாருங்கள். பிராக்கெட்டோடு வரும் நீள ஸ்குரூவை முழுக்க முறுக்கினால் அது உள்ளே போர்டையோ பேனலின் முதுகையோ குத்தும். கையால் சுற்றி, எங்கே நிற்கிறதோ அங்கே விட்டுவிட்டு வாஷர் போட்டு இறுக்குங்கள். உயரமும் முக்கியம். பல மலிவுப் பேனல்களைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். உட்கார்ந்தால் கண் இருக்கும் மட்டத்தில் திரையின் நடு வரட்டும். அதற்கு மேல்தான் இடம் என்றால் முன்பக்கம் சாயும் பிராக்கெட் வாங்குங்கள்.

கரண்ட் விஷயத்தில், டிவிக்கு ஸ்டெபிலைசர் பெரும்பாலும் தேவையில்லை. உள்ளே இருக்கும் பவர் சப்ளையே சாதாரண ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். தாங்காதது இரண்டு. தெருவில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400-ஐ ஒட்டி வரும். மின்விளக்குகள் திடீரென்று கண்ணைக் கூசினால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள். மற்றது இடி. ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும் இரவுகளில் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாகப் படுக்கிறார்கள். மின்னல் கேபிள் ஒயர் வழியாகவும் வரும். பாக்ஸுக்குள் புகுந்து எச்.டி.எம்.ஐ. வழியாக டிவியின் மெயின் போர்டைத் தாக்கும். பிளக்கோடு சேர்த்து, பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிளையும் கழற்றித் தனியாகத் தள்ளி வையுங்கள். பிராட்பேண்ட் லேன் ஒயர் செருகியிருந்தால் அதையும்.