லஹ்பாப் மணலில் ராத்திரிச் சாப்பாடு

ஜனவரி 16, துபாய்

நாளைக்கு டெசர்ட் சஃபாரி: பாலைவன மணல்மேடுகளில் வண்டிச் சவாரி, பிறகு முகாமில் ஆட்டமும் ராத்திரிச் சாப்பாடும். வேண்டாம் என்றால் யார் கேட்கிறார்கள், டிக்கெட் போட்டாயிற்று. மதியம் அரை வயிறு போதும். வாந்தி மாத்திரையை வண்டி மணலில் இறங்குவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும். குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை. ஸ்வெட்டர் அவசியம். முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் மணல்மேட்டை விட்டுவிட்டு நேராக முகாமுக்குப் போகலாம். புக் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஜனவரி 17, மாலை

துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில், லஹ்பாப் பாலைவனம். செக்கச்செவேல் மணல். டிரைவர் இறங்கி நாலு டயரிலும் காற்றை இறக்குகிறார், 35 பிஎஸ்ஐயிலிருந்து 15, 16க்கு. காற்று குறைந்தால் டயர் சப்பையாகி மணல்மேல் பரவி ஓடும். முழுக் காற்றோடு போனால் மணலைத் தோண்டிக்கொண்டு அச்சு வரை புதையும். அதற்காக ஒரேயடியாகக் குறைத்தால், சரிவில் வெடுக்கென்று திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். குலுக்கலெல்லாம் மூன்றாம் வரிசைக்குத்தான். நடு வரிசை தேவலை. முகாம் வாசலில் நிற்பதெல்லாம் வெள்ளை லேண்ட் குரூசர். இறங்கியதும் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்துவிடுவது நல்லது.

அதே நாள், இரவு

மேடையில் தனூரா: பல அடுக்குப் பாவாடையோடு சுழலும் எகிப்திய ஆட்டம், போதாக்குறைக்கு எல்இடி விளக்கு வேறு. பெல்லி டான்ஸும் இந்த ஊருடையதல்ல. ரமலானில் அது கிடையாது. தட்டில் விழும் ஹம்முஸ் (கொண்டைக்கடலை விழுது), தபூலே (பார்ஸ்லி சாலட்) லெபனான் பக்கத்துச் சரக்கு. யுனெஸ்கோ 2014இல் பட்டியலில் சேர்த்த அய்யாலா என்னும் கம்பாட்டம்தான் உள்ளூர்க் கலை. அதைக் காணோம்.

உள்ளூர்ச் சமாச்சாரம் ஓரத்தில், கூட்டமில்லாமல் இருக்கிறது. சூடான இரும்புத் தட்டில் மாவைக் கையாலேயே இழுத்துத் தேய்த்து, ரவா தோசை மொறுமொறுப்பில் ரகாக் ரொட்டி சுடுகிறார்கள். பக்கத்தில் கஹ்வா: ஏலக்காய் மணக்கும் காப்பி, பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றுவார்கள். வலக்கையில் வாங்க வேண்டும். போதுமென்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டித் திருப்பித் தர வேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பேரீச்சம்பாகு ஊற்றிய லுகைமாத் என்னும் பொரித்த மாவு உருண்டைகளைச் சூட்டோடு தின்ன வேண்டும், ஆறினால் சவசவ.

முகாமில் போட்டோவுக்கென்று வைத்திருக்கும் வல்லூற்றைக் கையில் ஏற்றுமுன் போட்டோவுக்கு எவ்வளவு என்று கேட்பது உத்தமம்.

ஜனவரி 18

போனின் சார்ஜிங் துளையில் மணல். வாயால் ஊதினால் எச்சில் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிரஷால் தட்டிவிட்டுத்தான் சார்ஜில் போட வேண்டும்.