மாமனாரின் குடையும் பொலோன்யாவின் கூரையும்

குடை வேண்டாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பும்போதே சொன்னேன்.

"பொலோன்யாவுல குடைக்கு வேலையே இல்ல மாமா. நடைபாதைக்கெல்லாம் கூரை போட்டிருக்காங்க. பழைய நகரத்துக்குள்ள மட்டும் 38 கிலோமீட்டர்."

"கூரை ஒழுகினா?" என்றார் மாமா.

பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கூரை ஒழுகாது என்று யார் சொன்னாலும் நம்பமாட்டார், அவர் பார்த்த கூரைகள் அப்படி. வளைந்த மரக் கைப்பிடியும் மடக்கினாலும் நீளம் குறையாத உடம்புமாக அந்தக் கறுப்புக் குடை எங்களோடு இத்தாலிக்கு வந்து சேர்ந்தது. விமானத்தில் எங்கள் பெட்டிகளின் மேல் குறுக்கே படுத்து, எங்கள் மூன்று பேரையும்விட வசதியாக வந்தது.

அக்டோபர் மாதம். முதல் நாள் காலையில் மழை கொட்டியது. மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் விடுதி வாசலில் கால் வைத்ததுமே தாழ்வாரம் தொடங்கிவிட்டது. அந்தத் தாழ்வாரம் முடிகிற இடத்தில் அடுத்த கட்டடத்தின் தாழ்வாரம். ஒரு மணி நேரம் நடந்தோம். மழை தெருவில் பெய்துகொண்டிருந்தது, நாங்கள் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தோம். குடை மடக்கியபடியே இருந்தது. அதற்காக அவர் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு தூணையும் குடை முனையால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இதை எதுக்குக் கட்டினாங்க?"

படித்துவிட்டு வந்ததை ஒப்பித்தேன். இங்குள்ள பல்கலைக்கழகம் 1088-இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். மாணவர்கள் வந்து குவிந்ததும் ஊரில் வீடு பற்றவில்லை. வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டி ஓர் அறை கட்டினார்கள். அது தொங்காமலிருக்க அடியில் மரத்தூண் கொடுத்தார்கள். தூணுக்கும் சுவருக்கும் நடுவில் தாழ்வாரம் உருவாகிவிட்டது. 1288-இல் நகராட்சி அதையே சட்டமாக்கியது: வீடு கட்டுகிறவர் தன் நிலத்தில் தாழ்வாரம் விட வேண்டும், அது பொதுமக்கள் நடக்க, பராமரிப்புச் செலவு வீட்டுக்காரர் தலையில். உயரம் குறைந்தது 2.66 மீட்டர், குதிரைமேல் போகிறவர் தலை இடிக்காமலிருக்க.

மாமா நின்றுவிட்டார். "அப்ப இது மொத்தமும் ஆக்கிரமிப்பு."

"ஒரு விதத்துல..."

"என்ன ஒரு விதத்துல? தெருவுக்கு மேல அறையை நீட்டியிருக்கான். நான் எத்தனை பேருக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கேன் தெரியுமா, மாப்பிள்ளை? இதுக்கு யுனெஸ்கோ வேற!"

2021-இல்தான் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அந்தத் தகவலை அப்போதைக்கு நானாக நீட்டி முழக்கவில்லை.

அடுத்தது ஸ்திராதா மஜோரே தெருவிலிருக்கும் இசொலானி வீடு. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கட்டடம். ஏறக்குறைய ஒன்பது மீட்டர் உயரத்துக்கு ஓக் மரத்தூண்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. மாமா முதன்முறையாகக் குடையால் தட்டாமல் கையால் தொட்டுப் பார்த்தார். வெடிப்பு விட்ட மரத்தை, மாட்டின் முதுகைத் தடவுவதுபோல மேலிருந்து கீழே தடவினார். "மரம்னா இது மரம்" என்றார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்போது பார்த்துப் பக்கத்தில் ஒரு வழிகாட்டி தன் கூட்டத்துக்கு மேலே கையைக் காட்டினார். எல்லோரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள்.

"என்னவாம்?"

கூரையின் மர விட்டத்தில் மூன்று அம்புகள் குத்தி நிற்பதாகச் சொல்வார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் குச்சி மாதிரி ஏதோ தெரிகிறது. பிரச்சினை அம்பு இல்லை, அதன் கதை. கணவனுக்குத் துரோகம் செய்த ஒரு பெண்ணைக் கொல்ல மூன்று வில்லாளிகளை அனுப்பினார்களாம். அவள் சன்னலில் பொட்டுத் துணியில்லாமல் வந்து நின்றாளாம். மூவருக்கும் கை ஆடிப்போய் அம்பு கூரையில் ஏறிவிட்டதாம்.

இதை மாமனாரிடம் எந்தத் தமிழில் சொல்வது? மனைவியைப் பார்த்தேன். "நீங்கதானே படிச்சிட்டு வந்தீங்க, நீங்களே சொல்லுங்க" என்று அவள் தூணைப் படமெடுக்கப் போய்விட்டாள்.

"கொல்ல வந்தாங்க மாமா. குறி தவறிப் போச்சு."

"மூணு பேருக்குமா?"

"கண்ணு கூசிருச்சாம்."

"வெயிலா?"

"ஆமா மாமா. வெயில்."

மாமா தெருவைப் பார்த்தார். "தாழ்வாரத்துக்குள்ள ஏது வெயில்?" என்று முணுமுணுத்தபடி நடந்தார். பின்னால் என் மனைவியின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

இரட்டைக் கோபுரத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். அசினெல்லி 97 மீட்டர், பக்கத்திலேயே கரிசெண்டா 48 மீட்டர். குட்டைதான் அதிகம் சாய்ந்தது. அதுவும் ஒரு காலத்தில் 60 மீட்டர் இருந்தது, சாய்வு பயமுறுத்தவே பதினான்காம் நூற்றாண்டில் தலையை வெட்டிவிட்டார்கள். மேகம் நகரும்போது கீழே நின்று பார்த்தால் நம்மேல் கவிழ்வதுபோல் இருக்கும் என்று இத்தாலியக் கவிஞர் தாந்தே எழுதி வைத்திருக்கிறார். 2023 அக்டோபரிலிருந்து இரண்டு கோபுரமும் மூடல். கரிசெண்டாவைச் சுற்றி அடைப்பு. அடித்தளம் செலனைட் என்ற ஜிப்சக் கல் என்று நான் சொன்னதுதான் தாமதம், மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஜிப்சமா? தண்ணி பட்டா போச்சு. நெருப்பு பட்டாலும் போச்சு." உண்மையிலேயே பழங்காலத்தில் அந்தக் கோபுரத்துக்குள் உலை மூட்டியதில் கல் கெட்டுப்போயிருக்கிறது. அடைப்புக்கு வெளியே நின்று முக்கால் மணி நேரம் ஆய்வு நடத்தினார். குடையைத் தூக்குநூல்போல ஒரு கண்ணை மூடித் தொங்கவிட்டு சாய்வு அளந்தார். எனக்குப் பசி கண்ணை இருட்டியது.

இந்தப் பசிதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

பியாஸ்ஸா மஜோரே சதுக்கத்தையொட்டி பொதெஸ்தா மாளிகை. அதன் அடியில் இரண்டு நடைவழிகள் குறுக்கே சந்திக்கும் இடத்தில் உயரமான வளைவுக் கூரை. நான்கு மூலையிலும் தூண். ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று கிசுகிசுத்தால் எதிர் மூலையில் நிற்பவருக்குக் காதோடு காதாகக் கேட்கும். ஒலி வளைவைப் பிடித்துக்கொண்டே அந்தப் பக்கம் இறங்கிவிடுகிறது. தொழுநோயாளிகள் தள்ளி நின்று பாவமன்னிப்புக் கேட்க இது பயன்பட்டதென்று ஒரு கதை உண்டு. இப்போது சுற்றுலாப் பயணிகள், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள்போல மூலைக்கு ஒருவராகச் சுவரைப் பார்த்து நிற்கிறார்கள்.

நான் ஒரு மூலைக்கும் மனைவி எதிர் மூலைக்கும் போனோம். சுவரில் மூக்கை வைத்தேன்.

"கேக்குதா?" என்றேன்.

"ம்" என்றது சுவர்.

"உங்க அப்பா தூணுக்குத் தூண் எஸ்டிமேட் போட்டுட்டு இருந்தா இன்னிக்குச் சோறு கிடையாது. அந்தக் குடையை எங்கயாவது மறந்து வச்சிட்டு வந்தார்னா ஊருக்கே புண்ணியம்."

சுவர் சற்று யோசித்தது. பிறகு மிகத் தெளிவாக, பக்கத்தில் நின்று பேசுவதுபோல வந்தது குரல்: "குடை பத்திரமா என் கையிலதான் இருக்கு, மாப்பிள்ளை."

திரும்பினேன். எதிர் மூலையில் மாமா சுவரில் காதை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். மனைவி நடுவில், கைப்பேசியுடன். "அப்பாவும் கேக்கட்டும்னு இடம் விட்டேன்" என்றாள். காணொளியும் எடுத்திருந்தாள்.

மாமா எதுவும் சொல்லவில்லை. "எழுநூறு, எண்ணூறு வருஷம் ஆகியும் வேலை செய்யுது, நல்ல கட்டுமானம்" என்று மட்டும் சொன்னார். அன்று மதியம் நான் கேட்காமலே எனக்கு இரண்டு தட்டு பாஸ்தா வரவழைத்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் சான் லூக்கா. நகர வாயிலிலிருந்து மலைமேல் இருக்கும் மாதா ஆலயம்வரை 3.8 கிலோமீட்டர், 666 வளைவுகள், முழுக்கக் கூரை. இது இடைக்காலத்துக்குப் பிந்தியது, 1674-இல்தான் தொடங்கினார்கள். ஆனால் காரணம் பழையது. 1433-இல் விடாத மழை. பயிர் அழுகும் நிலையில் மாதாவின் படத்தை ஊர்வலமாகக் கீழே கொண்டுவந்தார்கள், மழை நின்றது என்கிறார்கள். அதிலிருந்து ஆண்டுதோறும் ஊர்வலம். அது நனையாமலிருக்கத்தான் இந்தக் கூரை.

மாமா மூச்சு வாங்க நின்று, குடையைத் தரையில் ஊன்றி, என்னைப் பார்த்தார்.

"மழையை நிறுத்தின தாயாருக்கே நனையாம இருக்க நாலு கிலோமீட்டருக்குக் கூரை போட்டிருக்கான். நான் ஒரு குடை எடுத்துட்டு வந்தது தப்பா, மாப்பிள்ளை?"

பதில் இல்லை. மேலே போய் ஆலயம் பார்த்து, மலைக்காட்சி பார்த்து, இறங்கி வந்தோம். மெலோன்செல்லோ வளைவுக்கு வந்தபோது, அதாவது ஏற்றம் முழுக்க இறங்கி முடித்தபோது, மனைவி கேட்டாள்: "அப்பா, குடை எங்கே?"

மாமா தன் கையைப் பார்த்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"சத்தியமா நான் இல்ல" என்றேன். ஆனால் காணொளி ஆதாரம் எனக்கு எதிராக இருந்தது. "இருங்க மாமா, நான் போய் எடுத்துட்டு வரேன்."

வேண்டாமென்று சொல்வார் என்று ஒரு நப்பாசை. சொல்லவில்லை.

மறுபடி இரண்டு கிலோமீட்டர் செங்குத்து ஏற்றம். ஒவ்வொரு வளைவாக மேலே நகர்ந்தேன். ஜாகிங் போகும் பாட்டிமார் என்னைத் தாண்டிப் போனார்கள். ஆலயத்துக்கு வெளியே, மாமா சாய்த்து வைத்த சுவரிலேயே, குடை ஒரு துளியும் அசையாமல் எனக்காகக் காத்திருந்தது.

கீழே வந்து கொடுத்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாமா குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அங்கேயே, கூரைக்கு அடியில், வெளியே பளிச்சென்று வெயில் அடிக்க, எங்கள் இத்தாலிப் பயணத்தில் முதல்முறையாக அதை விரித்தார். கம்பி கம்பியாக விரல் விட்டுப் பார்த்துவிட்டு மடக்கினார்.

"சேதாரம் ஒண்ணுமில்ல."