குடோன்ல வெயிட் ஏறுற சரக்கு

சேலம் செவ்வாப்பேட்டையில பார்சல் ஆபீஸ்ல எல்.ஆர்., அதாவது லாரி ரசீது, போடுற வேலை எனக்கு. ஒரு நாளைக்கு 12 சிகரெட்டு. மொத்தமா ஒரேயடியா விட்டுப் பாத்து மூணு தடவை மண்ணைக் கவ்வியாச்சு, அதனால இந்த வாட்டி வாரத்துக்கு ஒண்ணா குறைச்சிக்கிட்டே வரலாம்னு இறங்கினேன்.

முதல்ல விட்டது சாயங்காலம் 5 மணி தம்மு. சும்மா நின்னா கை பரபரங்குது, சரி காலாற நடப்போம்னு ரோட்டுக்கு வந்தா எதிர்லயே தட்டுவடை செட் வண்டி, ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னியும் காய்த் துருவலும் வச்சுத் தருவாங்களே, அது. இத்தனை வருஷம் அந்த வண்டிக்குப் பக்கத்துல நின்னுதான் ஊதிட்டு இருந்தேன், ஆனா அந்த பச்சை சட்னில இவ்ளோ கொத்தமல்லி வாசம் இருக்குன்னு அன்னிக்குதாங்க தெரிஞ்சுது! பீட்ரூட்டு துருவல் இனிக்குது. ஒரு பிளேட்டு, அப்புறம் இன்னொரு பிளேட்டு, மேல கொஞ்சம் நொறுக்கல் வேற. அஞ்சு வாரத்துல சிகரெட்டு 7 ஆச்சு, பேண்ட்டு பட்டன் போடறதுக்கு மூச்சைப் பிடிக்க வேண்டியதாயிருச்சு.

நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் வாங்கிட்டு வந்தேன். அதை பபுள்கம் மாதிரி கடகடன்னு மென்னதுல விக்கல் எடுத்து, சரக்கு அனுப்புற பார்ட்டி போன்ல இருக்காரு, ஒவ்வொரு விக்கலுக்கும் ஒரு மூட்டை கூடுதலா எழுதிட்டனோன்னு அவருக்கு சந்தேகம். டாக்டர்கிட்ட போனா, நாலு மெல்லு மென்னு கன்னத்துல ஒதுக்கி வைக்கணும்யா, திரும்ப சப்புன்னு ஆனதும் மெல்லணும்ங்கறாரு. டீ குடிச்ச கையோட போட்டா சரியா ஏறாதாம், 15 நிமிஷம் விடணுமாம். நான் டீயோடவே போட்டுட்டு இருந்திருக்கேன், காசு பூரா டீக்கிளாஸ்ல.

வெயிட்டைப் பத்தி கேட்டேன். நிகோடின் பசியை அமுக்கி வச்சிருக்கும், உடம்பு சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கூட எரிக்கவும் செய்யும், அது குறையக் குறைய ரெண்டும் போயிரும், விடுறவங்களுக்கு முதல் வருஷம் 4, 5 கிலோ ஏறுறது சகஜம், அதுலயும் பாதிக்கு மேல முதல் மூணு மாசத்துலயே ஏறிரும், அதுக்குப் பயந்துட்டு திரும்ப பத்த வச்சா உன்னை மாதிரி முட்டாள் கிடையாதுன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

இதை லோடுமேனுங்க கிட்ட சொன்னதுதான் தப்பு. திங்கக்கிழமையானா "ண்ணா ஏறுங்கண்ணா"ன்னு பார்சல் எடை போடுற மெஷின் மேல ஏத்தி விட்டுருவாங்க. மூட்டைக்கு மார்க் போடுற மார்க்கரை எடுத்து குடோன் தூண்ல எழுதறது. 64.2, 65.1, 65.8, 66.9, 67.7, இப்படியே கீழ இறங்கிட்டு வருது லிஸ்ட்டு.

எட்டாவது வாரம் முதலாளி குடோனுக்குள்ள வந்தாரு. தூணையே பாத்துட்டு நிக்கறாரு. எனக்கு வயித்தைக் கலக்குது.

"எந்த பார்ட்டி சரக்குய்யா இது?"

ஒருத்தனும் வாயைத் தொறக்கல.

"மஞ்சள் கிடந்தா வெயிட் குறையும், மிளகா கிடந்தா குறையும், 40 வருஷமா இதைத்தான் பாத்துட்டு இருக்கேன். வாரா வாரம் ஏறுற சரக்கு எதுய்யா? தண்ணி கிண்ணி பட்டு ஊறுதா? பார்ட்டி கிளெய்ம் போட்டா யாரு கட்டறது?"

பின்னாடி இருந்த பையன் அடக்க முடியாம "புக்கிங் கிளார்க்குங்க"ன்னுட்டான்.

முதலாளி என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "அதான பாத்தேன், சேர்ல இப்பல்லாம் சத்தம் ஜாஸ்தியா வருது"ன்னாரு.

அப்புறம் வீட்டுக்கார அம்மா பஞ்சாயத்து. தட்டுவடை செட்டு வாரத்துக்கு ஒரு நாளு, மத்த நாள் டிபன் பாக்ஸோட ஒரு டப்பா வெள்ளரிப்பிஞ்சு, சும்மா மெல்ல சோம்பு. நைட்டு பஸ்ஸை விட்டுட்டு வீடு வரைக்கும் நடை. வெள்ளரிப்பிஞ்சு நல்லாதான் இருக்கு, ஆனா சிகரெட்டு இடத்துல வெள்ளரிப்பிஞ்சை ரெண்டு விரல்ல பிடிச்சிட்டு வாசல்ல நிக்கறப்ப ரோட்ல போறவன் எல்லாம் திரும்பிப் பாக்கறான்.

இப்ப நாளைக்கு 4 சிகரெட்டு, காலைல எந்திரிச்சதும் பத்த வைக்கிறதுதான் இன்னும் போகமாட்டேங்குது. வெயிட்டு 69.4 வரைக்கும் போயி, மூணு வாரமா 68.9லயே நிக்குது.

போன திங்கக்கிழமை எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல முதலாளி செருப்பைக் கழட்டிட்டு மெல்ல மெஷின் மேல ஏறுனாரு. நான் எல்.ஆர். புக்குக்குள்ள தலையை விட்டுக்கிட்டேன். அந்தப் பையன் எங்கிருந்துதான் வந்தானோ, மார்க்கரோட அடுத்த தூண்ல 93ன்னு எழுதிட்டு புள்ளி வைக்கறான்.

"அழிடா"ன்னாரு.