அம்மம்மாவின் கண் ஒப்பரேஷன்

ஆரையம்பதியில் இருக்கும் அம்மம்மாவுக்குக் கண்ணில் புரை. ஒப்பரேஷன் என்றதும் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. கேட்டால், "கண்ணைத் தோண்டி வெளியில வச்சுத் துடைப்பாங்களாம் மனே" என்கிறார், பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாங்களும் "பயப்படாதீங்க" என்றே திருப்பித் திருப்பிச் சொன்னோம், அது ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

மட்டக்களப்பில் கிளினிக்குக்குப் போன அன்று ஒரு தாதி பக்கத்தில் இருந்து கதைத்தார். கண் இருந்த இடத்திலேயே இருக்கும், 2, 3 மில்லிமீற்றர் அளவு கீறி, மங்கிப்போன வில்லையை உடைத்து உறிஞ்சிவிட்டுச் செயற்கை வில்லை வைப்பார்கள், விறைக்க மருந்து போடுவதால் வலி பெரிதாகத் தெரியாது, ஆனால் முழித்துத்தான் இருப்பீர்கள், முகத்தைத் துணியால் மூடுவார்கள், பளிச்சென்று வெளிச்சம் தெரியும், தண்ணீர் வழிவதுபோல இருக்கும். அம்மம்மாவின் உண்மையான பயம் அப்புறம்தான் வெளியே வந்தது. "இடையில கண்ணைச் சிமிட்டிட்டா?" இமையை ஒரு சின்னக் கம்பி பிடித்துக்கொள்ளுமாம், சிமிட்டவே முடியாது. இருமல் வந்தால் மட்டும், அசையாமல் முதலில் வாயால் சொல்ல வேண்டும்.

அன்று இரவு மீன்கறியோடு இரண்டாம் தரம் சோறு கேட்டார்.

ஒப்பரேஷன் அன்று பார்த்தால், பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு இவரே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார், கம்பியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூட்டி.