ரம்மியும் பந்தயமும்

கல்யாண வீட்டில் ஜமுக்காளம் விரித்து ரம்மி ஆட உட்கார்ந்தால் பெரியப்பாவை அசைக்க முடியாது. 13 சீட்டையும் விரித்துப் பார்ப்பார், ஒரிஜினல் (ஜோக்கர் இல்லாமல் ஒரே இனத்தில் வரும் வரிசை) சேராது என்று தெரிந்தால் உடனே ஸ்கூட், அந்த ஆட்டத்திலிருந்து விலகிவிடுவார். 20 பாயிண்ட் அபராதத்தோடு போச்சு. பிடிவாதமாக ஆடி மாட்டினால் ஃபுல், 80. மற்றவர்கள் எதை எடுக்கிறார்கள், எதைக் கழிக்கிறார்கள் என்பதிலேயே கண்ணாக இருப்பார். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது சரிதான். ஆட்டத்தில் கிளப் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இதைப் பலர் சொல்வதில்லை.

பணம் கட்டி ஆடிய செல்போன் ரம்மியில் கம்பெனிக்குக் கமிஷன் இருந்தது, நடுராத்திரியிலும் ஆட ஆள் இருந்தது, 'போதும், எழுந்திரு' என்று சொல்லப் பெரியம்மாதான் இல்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025இல் நாடாளுமன்றம் தடைச் சட்டம் போட்டதை முழு மனதோடு வரவேற்கிறேன்.