பள்ளமாகத் தெரியும் சிங்கம்
நேற்று அக்கா மகன் ஒரு ஒரு ரூபாய் நாணயத்தைக் கொண்டுவந்தான். "மாமா, பிழை நாணயம், 800 ரூபாய்க்கு வாங்கினேன்" என்றான். ஒரு பக்கம் சிங்க முத்திரை, மறுபக்கமும் அதே சிங்கம் கண்ணாடி பிம்பம் போல இடவலம் மாறி, பள்ளமாக.

உண்மையாக இருந்தால், நாணயச்சாலையில் அடிக்கும்போதே நேர்ந்த அருமையான பிழை அது. அடித்த நாணயம் வெளியே விழாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லை (இன்னும் உருவம் அடிக்காத வெறும் உலோகத் தட்டு) வந்ததும் அச்சுக்குப் பதிலாக அந்த நாணயமே அதன்மேல் இறங்கும். அதனால்தான் ஒரே உருவம் மேடாகவும் பள்ளமாகவும் விழுகிறது.

ஆனால் இதை இரண்டு நாணயங்களைப் பட்டறையில் இறுக்கியும் செய்யலாம். லென்ஸில் பார்த்தேன். பள்ளமான சிங்கத்துக்கு அடியில் பழைய '1' மங்கலாகத் தெரிந்தது. மறுபக்கத்தில் மேடான பகுதிகள் தட்டையாக நசுங்கியிருந்தன. நாணயச்சாலையில் வெறும் வில்லையில்தான் அடிப்பார்கள், அதில் முந்தைய எண் எங்கிருந்து வரும்? பையன் முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாக இருந்தது.

அப்புறம், ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் அபூர்வம் என்று விற்பவர்களையும் நம்பாதீர்கள். அது ஹைதராபாத் நாணயச்சாலையின் குறி. நொய்டாவுக்குப் புள்ளி, மும்பைக்கு வைரம், கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை.

விலை கேட்கிறவர்களுக்கு: விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையைப் பார்க்காதீர்கள், ஏலத்தில் உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள். வாங்கும் முன் எனக்குப் படம் அனுப்புங்கள், இரண்டு பக்கமும். தயவுசெய்து பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள்.