சியன்னா புனித கத்தரீனின் சமையலறையில்

இத்தாலியின் சியன்னா நகருக்கு வரும் திருப்பயணிகளில் பெரும்பாலோர் நேரே புனித தோமினிக் பசிலிக்காவுக்கே செல்கின்றனர். செங்கல்லால் எழும்பிய அந்தப் பேராலயத்தின் சிற்றாலயம் ஒன்றில், பளிங்குப் பேழைக்குள், புனித கத்தரீனின் தலை வெண்முக்காட்டுடன் திருப்பண்டமாக வைக்கப்பட்டுள்ளது. உடலோ ரோமில் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா ஆலயத்துப் பீடத்தின் கீழ் இருக்கிறது. பேழைக்கு இடப்புறச் சுவரில் சோதோமா தீட்டிய ஓவியத்தைப் பலர் கவனிப்பதில்லை. மரண தண்டனை பெற்ற நிக்கோலோ என்ற இளைஞனைச் சிறையில் சந்தித்துத் தேற்றிய கத்தரீன், கொலைக்களத்திலும் அவனுக்காகக் காத்திருந்து, வெட்டுண்ட தலையைத் தம் கைகளில் ஏந்தியதாகக் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். அந்த நிகழ்வைச் சித்திரிக்கும் ஓவியம் அது.

ஆயினும் அவருடைய ஆன்மிகத்தின் ஊற்று அங்கிருந்து சரிவில் இறங்கினால் வரும் வீட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஃபோன்தேபிராந்தா நீரூற்றை அடுத்த சாயக்காரர்கள் பகுதியில், சாயத் தொழில் செய்த ஜாக்கோமோ பெனின்காசாவின் மகளாக 1347இல் அவர் பிறந்தார். திருமணத்துக்கு வற்புறுத்தியபோது தம் கூந்தலை அறுத்துக்கொண்ட மகளிடமிருந்து தனியறையைப் பறித்து, வீட்டு வேலைகள் அனைத்தையும் அவர்மேல் சுமத்தினர் குடும்பத்தார். தனிமையில் செபிக்க இடமற்ற அந்தப் பெண் உள்ளத்துக்குள் ஒரு சிற்றறையைக் கட்டிக்கொண்டார். தந்தையை இயேசுவாகவும், தாயை அன்னை மரியாவாகவும், சகோதரர்களைத் திருத்தூதர்களாகவும் எண்ணிப் பணிவிடை செய்தார் என்று அவருடைய ஆன்ம குரு கப்புவா இறைமுண்ட் எழுதுகிறார்.

அவர் பணிவிடை செய்த அந்த வீட்டின் சமையலறை இன்று சிறு ஆலயமாகியிருக்கிறது. பொன் பூசிய மேற்கூரையும் வண்ண ஓடு பதித்த தரையும் சுவர் நிறைந்த ஓவியங்களும் கண்ணைப் பறிக்கின்றன. அடுப்புப் புகை படிந்த இடத்துக்கு இவ்வளவு தங்கம் தேவைதானா என்று எனக்குச் சற்று மனத்தாங்கல்தான். கீழே அவர் தங்கிய சிறிய அறையில், தலைக்கு வைத்துப் படுத்ததாகச் சொல்லப்படும் கல்லைக் காட்டுகின்றனர். செபிக்க அந்த இடமே எனக்கு இசைவாக இருந்தது.

உள்ளத்துக்குள் கட்டிய அந்தச் சிற்றறையை விட்டு விலகாமலேதான் அவர் உலகின் நடுவே நடமாடினார். துறவு மடத்தில் சேராமல், பொதுநிலையினருக்கான தோமினிக்கன் மூன்றாம் சபையின் உடை தரித்து, நோயாளிகளைப் பேணினார். சுமார் 380 கடிதங்கள் எஞ்சியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை அவர் வாய்மொழியாகச் சொல்லப் பிறர் எழுதியவை. 1376இல், அன்று திருத்தந்தையர் தங்கியிருந்த, இன்றைய பிரான்சிலுள்ள அவிஞ்ஞோனுக்குச் சென்று, திருத்தந்தை (போப்) பதினோராம் கிரகோரியை ரோமுக்குத் திரும்புமாறு வேண்டினார். திருத்தந்தையை "அப்பா" என்று உரிமையோடு அழைத்த அதே எழுத்தில், அஞ்சாமல் ஆண்மையோடு நடந்துகொள்ளுங்கள் என்று கண்டிக்கவும் அவருக்குத் தயக்கமில்லை. 1377 ஜனவரியில் கிரகோரி ரோம் வந்து சேர்ந்தார். அது கத்தரீன் ஒருவரால் மட்டுமே நடந்தது என்பது மிகை. மறு ஆண்டே திருச்சபை இரண்டாகப் பிளவுபட, அந்த வேதனையிலேயே 1380 ஏப்ரல் 29 அன்று, 33ஆம் வயதில், ரோமில் இறந்தார். சியன்னா மறைமாவட்டத்தின் ஆயராக இருந்து திருத்தந்தையான இரண்டாம் பயஸ் 1461இல் அவரைப் புனிதராக அறிவித்தார். திருச்சபையின் சிறந்த ஆசிரியர் என்று போற்றும் மறைவல்லுநர் பட்டம் 1970இல்தான் கிடைத்தது.